ஒலிபெருக்கி ஓய்ந்த பொழுது

வீட்டு வாசல் படலையைத் திறந்தாள். தெருவைக் காணவில்லை.

நேற்று மாலை வரை இருந்த தெரு. மன்னார்ப் பள்ளிமுனையின் மற்றத் தெருக்களைப் போலவே மணலும் சிப்பித் துண்டுகளும், ஒரு ஓட்டோ போகிற அகலமும். இப்போது படலைக்கு நேர் முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிடங்கு நீளமாக ஓடியது. அடியில் சாம்பல் நிறக் குழாய். மேலே மார்கழித் தூறல்.

ஜெனிஸ்ராவின் கையில் வெள்ளைச் சட்டைகள் இருந்தன. வேதக் கோயில் திருநாளுக்குப் பாடப்போகிற பிள்ளைகளுக்குத் தைத்தவை. இன்று தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அக்கரையில் மஞ்சள் ஹெல்மெற் போட்ட ஒருவன் பக்கவாட்டில் நின்றான்.

“இஞ்சருங்கோ!”

அவன் திரும்பவில்லை.

“உங்களைத்தான்... ஹெல்மெற்!”

அசையவும் இல்லை. என்ன திமிர்... என்று நினைத்தாள்.

“காது கேளாதோ உங்களுக்கு?”

கிடங்குக்குள் நின்ற வேலையாள் ஒருவர் அவன் காலில் தட்டி இவளைக் காட்டினார். அவன் திரும்பினான்.

முறைத்துப் பார்க்கத்தான் நினைத்திருந்தாள். முடியவில்லை. இமையில் மழைத்துளி நிற்க, அவசரமே இல்லாத இரண்டு கண்கள். அடிமணல் தெரிகிற தண்ணீர் போல... இந்த ஊரில் அப்படித் தண்ணீர் கிடையாது.

“என்ன சொன்னீங்கள்?” என்றான்.

“தெருவைக் காணேல்ல எண்டு சொன்னனான்.”

“கரையில குவிச்சு வச்சிருக்கு. வேலை முடியத் திருப்பித் தாறன்.”

“எனக்குத் தையல் கடை. சனம் எப்பிடி வாறது? பறந்தோ?”

“போன ஞாயிறு கோயில்ல அறிவிச்சவையே.”

“ரெண்டு வருசமா அறிவிக்கினம். ஆர் நம்பினது?”

அவன் சிரித்துவிட்டான். ஆட்களிடம் சொல்லிப் பலகைகள் எடுப்பித்துக் கிடங்கின் குறுக்கே போட்டான். தானே நடுவில் நின்று குதித்துப் பார்த்தான்.

“வாங்கோ. விழுந்தால் நான் பொறுப்பு.”

“விழுந்த பிறகு பொறுப்பு எனக்கு என்னத்துக்கு?”

கையை நீட்டினான். அவள் கையைக் கொடுக்கவில்லை. சட்டைகளைக் கொடுத்தாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்து வந்தாள்.

வந்து பார்த்தபோது அவன் தலையில் ஹெல்மெற் இல்லை. அது சட்டைகளின் மேல் கவிழ்ந்திருந்தது. தூறல் அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

சட்டைகளை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல மறந்துவிட்டாள். கோயில் வரை போன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

*

அவன் பெயர் தனஞ்சயன். அடம்பன் பக்கத்து வயல்காரக் குடும்பம். குழாய்த் திட்டத்தின் முகாமையாளர். ஊர் அவனை எஞ்சினியர் என்றே சொன்னது.

இவற்றையெல்லாம் ஜெனிஸ்ரா கேட்டு அறியவில்லை. அவளுடைய தாய் பிரான்சிஸ்கா கேட்டாள். பிளேன்ரீயோடு படலையில் நின்று, ஒவ்வொன்றாக.

“தம்பி, அப்ப கலியாணம்?”

“இன்னும் இல்லை அம்மா.”

“ஏன் தம்பி?”

“அம்மா!” என்று உள்ளேயிருந்து தையல் இயந்திரத்தின் சத்தத்தை மீறி ஒரு குரல் வந்தது.

அவன் தேநீரைக் குடித்தான். “வேலை விடுதில்லை,” என்றான் படலையைப் பார்த்து.

வேலை உண்மையிலேயே விடவில்லை. பல்கலைக்கழகத்தில் குழாய்களைப் பற்றிப் படித்திருந்தான். தெருக்களைப் பற்றி யாரும் படிப்பித்ததில்லை. குழாய் வருவதற்கு முன் கிடங்கு தயாராக வேண்டும். கிடங்கு வெட்டினால் மணல் சரிவதற்குள் குழாய் வர வேண்டும். ஒரு வீட்டுக்காரருக்கு மதில் உடையக் கூடாது. இன்னொருவருக்கு முருங்கை சாயக் கூடாது. மீனவர் சங்கத்துக்கு ஐஸ் லொறி போக வழி விட வேண்டும். இவை எல்லாம் ஒரே காலைக்குள் நடக்க வேண்டும். குழாய் பதிப்பது இதில் சின்ன வேலை.

அந்தத் தெருவில் அவனுக்குத் தேநீர் நேரம் என்று ஒன்று உண்டாகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து தேநீரைக் கொண்டுவந்தது ஜெனிஸ்ரா.

“இந்தத் தண்ணியில போட்ட தேத்தண்ணி உப்புக் கரிக்கும். சொல்லிப்போட்டன்,” என்றாள்.

“நேற்றும் குடிச்சனான்.”

“நேற்று பவுசர் தண்ணி. இண்டைக்குக் கிணறு.”

குடித்தான். முகம் கொஞ்சம் மாறியது. மறைக்கப் பார்த்தான். அவள் சிரித்தாள்.

அவள் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அங்கே தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். திரும்பி வந்தால் குடம் இருக்கும்... வைத்த இடத்தில் இருக்காது, வரிசையின் கடைசியில் இருக்கும். அப்பா அம்மாவின் ஊருக்குத் திரும்பினால் வரிசை இல்லை என்று நினைத்திருந்தாள். இங்கே தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கு வரிசை.

“வீட்டுக்குள்ள ஒரு பைப் இருந்தாப் போதும்,” என்றாள். “நான் நினைச்ச நேரம் திறக்கோணும். நினைச்ச நேரம் பூட்டோணும். வேற ஒண்டும் கேக்கேல்ல.”

அவன் தலையாட்டினான். அவள் பேசும்போதெல்லாம் அவன் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். பெரிய மனிசன் என்ற எண்ணம் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“தண்ணி வந்தால் அரைவாசி வேலைதான்,” என்றான். “வந்த தண்ணி போகோணும். குளிச்ச தண்ணி, குசினித் தண்ணி... இந்த மணலில விட்டால் திரும்பக் கிணத்துக்குத்தான் வரும். அதுக்கும் ஒரு திட்டம் வச்சிருக்கிறன்.”

“அதுக்கும் கிடங்கு வெட்டுவீங்களோ?”

“ஓம்.”

“எங்கட படலையிலயோ?”

“உங்கட படலையிலதான் முதல்.”

“தாங்காது சாமி,” என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். அன்று ஒரு சட்டையின் கையை மாற்றித் தைத்து, பிரித்து, திரும்பவும் மாற்றித் தைத்தாள்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிறார். குழாய் சோதனையில் தேறினால் வீடுகளுக்கு இணைப்பு. தேறாவிட்டால் இந்தத் தெருவை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. தனஞ்சயன் திங்கட்கிழமை மறிச்சுக்கட்டிக்குப் போய்விடுவான். அங்கேயும் ஒரு குழாய் காத்திருந்தது.

*

வெள்ளிக்கிழமை குழாய்க்குள் தண்ணீர் விட்டார்கள். தெருவின் முடிவில் இருந்த வால்வ் வழியாக அது சீறிக்கொண்டு வந்தது. சனம் கைதட்டியது. அயல்வீட்டுக் கிறேஸ் அக்கா ஒரு வாளியே கொண்டுவந்தாள். பிறகு வால்வை மூடினார்கள். பின்னேரம் வேலையாட்கள் சாமான்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மறிச்சுக்கட்டிக்குப் புறப்பட்டார்கள். தனஞ்சயன் மன்னார் அலுவலகத்துக்குப் போனான்.

குழாயின் மேல் மணல் போட்டிருந்தார்கள். ஆனால் குழாயும் குழாயும் சேர்கிற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பள்ளத்தைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பள்ளங்கள்.

ஞாயிறு மாலை திருநாள் ஊர்வலத்தில் சொரூபம் இந்தத் தெருவால்தான் வரும். வழக்கம் அப்படி. சொரூபம் வரும் தெருவை அந்தத் தெருப் பெண்கள்தான் கூட்டிச் சமன்படுத்தி, கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்புவார்கள். சொரூபம் தூக்குபவர்களுடைய கால் இடறக் கூடாது.

வெள்ளிக்கிழமைச் செபம் முடிந்து வருகிறபோது கதை அடிபட்டது.

“பாத்தியே, அப்பிடியே போட்டுட்டுப் போட்டாங்கள்.”

“எல்லாம் முடிஞ்சுதாம். தண்ணியும் வந்திட்டுது. நாளைக்கு வாறவர் தண்ணியைத்தானே பாப்பார். மூடுறதுக்குத்தான் பஞ்சி.”

“அந்த எஞ்சினியர் பொடியன் சைவமெல்லோ? அவனுக்கென்ன சொரூபம்?”

ஜெனிஸ்ரா நின்றாள். அந்தக் கடைசிப் பேச்சு அவளைச் சுட்டது. ஏன் சுட்டது என்று அவள் யோசிக்கவில்லை.

“இப்ப என்ன?” என்றாள். “மணல் கரையிலதானே கிடக்கு. நாங்களே மூடுவம். வாங்கோ.”

வந்தார்கள். மண்வெட்டியோடும் ஓலைக் கடகத்தோடும் வந்தார்கள். செபமாலைப் பாட்டோடு மூடினார்கள். இருட்டுவதற்குள் தெரு சமனாகிவிட்டது. வெள்ளை மணலும் பரப்பியாகிவிட்டது. ஜெனிஸ்ரா படலையில் நின்று பார்த்தாள். அழகாக இருந்தது. காலையில் வந்து பார்ப்பான்... என்ன சொல்வான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

*

காலையில் அவன் சிரிக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தான். தெருவின் முடிவு வரை பார்த்தான்.

“ஆர் மூடினது?”

“நாங்கள்தான்,” என்றாள் ஜெனிஸ்ரா. சந்தோசத்தோடு முன்னுக்கு வந்தாள்.

“ஆரைக் கேட்டு மூடினனீங்கள்?”

“என்ன...”

“சோதினை இண்டைக்கு! நேற்று விட்டது குழாய் நிறைய விட்ட தண்ணி. இனித்தான் பிறசர் குடுத்துப் பாக்கிறது. ஒழுகினால் எந்த மூட்டு எண்டு பாக்கத்தானே திறந்து விட்டது! விளங்காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அறிவில்லாத வேலை.”

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. கிறேஸ் அக்கா, பிரான்சிஸ்கா, மண்வெட்டி பிடித்த எல்லாரும்.

ஜெனிஸ்ராவுக்குக் காது வரை சூடேறியது. கோபம் வந்தால் அவளுக்கு மண்டபத்துப் பேச்சு வந்துவிடும்.

“என்னங்க பேசுறீங்க? மூடாதீங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னீங்களா? தேத்தண்ணி குடிக்க மட்டும் வாய் இருந்திச்சா?”

வீட்டுக்குள் போனாள். கதவை அடித்துச் சாத்தினாள். இயந்திரத்தின் முன் இருந்தாள். நூல் கோத்திருக்கவில்லை. வெறும் ஊசியால் துணியைத் தைத்துக்கொண்டே போனாள்.

வெளியே கைப்பம்பின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்படி வெகு நேரம்.

பிரான்சிஸ்கா உள்ளே வந்தாள்.

“முள்ளு விழுகுதாம்,” என்றாள்.

“என்ன முள்ளு?”

“பம்பில பிறசர் காட்டுற வட்டத்துக்குள்ள இருக்கிறது. பம்ப் பண்ணப் பண்ண விழுகுதாம். எங்கையோ ஒழுக்காம். எங்கை எண்டு தெரியாதாம்.”

ஜெனிஸ்ரா இயந்திரத்தை நிறுத்தினாள்.

“ஆளுமில்லை. ஒரு இரும்புக் கம்பியை மணலுக்குள்ள குத்திக் குத்தி, காதை வச்சு வச்சுப் பாக்குது அந்தப் பிள்ளை. வேட்டியும் சேலையும் விக்கிற விளம்பரம் போகுது ஸ்பீக்கரில. அதுக்குள்ள என்னத்தைக் கேக்கிறது?”

கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து ஓயவில்லை. பாட்டு, விளம்பரம், திரும்பவும் பாட்டு.

ஜெனிஸ்ரா யன்னலால் பார்த்தாள். அவன் மணலில் முழந்தாளிட்டிருந்தான். கம்பியின் தலையில் காதை வைத்திருந்தான். கண்களை மூடியிருந்தான். நெற்றியில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது... நேற்று அவள் பரப்பிய மணல்.

மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தெரு முழுக்கக் கேட்க ‘அறிவில்லாத’ என்று சொன்னவன் அவன்.

யோசித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பின்வழியால் கோயிலுக்கு நடந்தாள்.

*

“பாதர், ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டோணும்.”

பாதர் மெழுகுதிரிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “திருநாளுக்கு முதல் நாள் பிள்ளை. ஏன்?”

“மண்ணுக்கு அடியில தண்ணி ஒழுகிற சத்தம் கேக்கோணுமாம்.”

“அதை ஏன் மண்ணால மூடினவங்கள்?”

“மூடினவங்கள் இல்லை பாதர்.” அவள் தரையைப் பார்த்தாள். “நான்தான். மற்ற ஆக்களையும் நான்தான் கூப்பிட்டனான்.”

பாதர் மெழுகுதிரிகளைக் கீழே வைத்தார். பிறகு தானே போய் ஒலிவாங்கியை எடுத்தார்.

“அன்பான பங்கு மக்களே... கொஞ்ச நேரம் ஒருவரும் சத்தம் போட வேண்டாம். ரிவியைப் பூட்டுங்கோ. மெசின் வேலை செய்யிறவை நிப்பாட்டுங்கோ. எங்கட தண்ணியைத் தேடுகினம்.”

ஒலிபெருக்கி ஓய்ந்தது.

பள்ளிமுனை அப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை. ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது. கரையில் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். கிறேஸ் அக்கா தன் சேவலைக் கடகத்தால் மூடி, மேலே தானும் இருந்தாள். கடல் மட்டும் தூரத்தில் மெதுவாக மூச்சு விட்டது.

ஜெனிஸ்ரா திரும்பி வந்தபோது தனஞ்சயன் தெரு நடுவில் நின்றான். அவளைக் கண்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

மழை வந்துவிட்டது.

தூறலாக அல்ல. ஒரே அடியாக. தெருவின் தகரக் கூரைகள் எல்லாம் ஒன்றாய் அடித்துக்கொண்டன. ஓடிப் போய் அவளுடைய கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். நடுவில் மழை ஒழுகியது.

“நீங்கள்தான் நிப்பாட்டினதோ ஸ்பீக்கரை?” என்றான்.

“அறிவில்லாத ஆக்களும் சில வேலை செய்வினம்.”

அவன் தலை குனிந்தான்.

“அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“ஓம். கூடாது.”

மழையைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த கம்பியைச் சுவரில் சாய்த்தான்.

“பாதித் தெரு பாத்திட்டன். ஒண்டும் கேக்கேல்ல. மழை விட்டாலும் எனக்குக் கேக்குமோ தெரியாது.” தன் இடது காதைத் தொட்டான். “இடது காது எனக்குக் கேளாது. மற்றதிலயும் வண்டு மாதிரி ஒரு இரைச்சல். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரப் போனனான்... வன்னிக்கு. சண்டைக் காலம். வழியில செல் ஒண்டு விழுந்து வெடிச்சது. இந்த வேலைக்கு எப்பவும் எங்கட வேலையாக்களின்ர போமனைத்தான் வச்சுக் கேக்கிறனான். அவர் மறிச்சுக்கட்டியில. ஒருத்தருக்கும் நான் இதைச் சொல்லுறேல்ல.”

ஜெனிஸ்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் திருப்பிக்கொள்கிற முகம். கேட்கிற காதைத்தான் அவள் பக்கம் கொண்டுவந்திருக்கிறான், ஒவ்வொரு தரமும்.

“முதல் நாள் நான்... காது கேளாதோ எண்டு...”

“அது கேட்டது,” என்றான். “அது நல்லாக் கேட்டது.”

சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. திரும்பிக்கொண்டாள்.

“சனம் உங்களை ஒரு மாதிரிக் கதைச்சினம்,” என்றாள் மழையிடம். “சைவப் பொடியன், சொரூபத்துக்கு மதிப்பில்லை எண்டு. எனக்குக் கேக்கப் பிடிக்கேல்ல. தெரு வடிவா இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம் எண்டு நினைச்சன். அதுதான் மூடினனான்... வேற ஒண்டுமில்லை.”

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தது.

*

மழை வந்தது போலவே போய்விட்டது. கூரைகள் சொட்டி முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு திரும்பவும் அந்த அமைதி.

“கம்பியைத் தாங்கோ,” என்றாள்.

மூட்டுகள் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அடியெடுத்து அளந்து இடம் காட்டினான். கம்பியைச் செருகிக் குழாயைத் தொட வைத்தான். அவள் ஈர மணலில் முழந்தாளிட்டு, கம்பியின் தலையில் காதை வைத்தாள்.

“என்ன கேக்கோணும்?”

“ஒண்டும் கேக்காட்டி நல்ல மூட்டு.”

ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது. ஒன்றும் கேட்கவில்லை. கம்பி குளிர்ந்திருந்தது. வீட்டு வாசல்களில் சனம் வாயை மூடிக்கொண்டு நின்றது. பிரான்சிஸ்கா செபமாலையைக் கூடச் சத்தமில்லாமல் உருட்டினாள். ஒரு மூட்டு முடிய அடுத்த மூட்டு. இருவரும் மணலில் அருகருகே முழந்தாளிட்டு எழும்பி, முழந்தாளிட்டு எழும்பி... தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் போல இருந்தது.

தன்னுடைய கடை யன்னலுக்கு முன்னால் வந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

“பொறுங்கோ.”

கண்ணை மூடினாள்.

“ஆரோ... நித்திரையில மூச்சு விடுற மாதிரி.”

அவன் கம்பியில் காதை வைத்தான். அவனுடைய நல்ல காதை. முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. இருவரும் அசையவில்லை. அவனுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. அவள் கண்ணைப் பார்த்து, நம்பினான்.

“கிண்டுவம்,” என்றான்.

சனம் மண்வெட்டியோடு ஓடிவந்தது. நேற்று மூடிய அதே கைகள். கிறேஸ் அக்கா சேவலை மறந்துவிட்டாள். மணல் விலக விலக ஈரம் கூடியது. கடைசியில் மூட்டு தெரிந்தது. ஒரு குழாய்க்குள் மற்றக் குழாய் எவ்வளவு நுழைய வேண்டும் என்று குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு உள்ளே போயிருக்க வேண்டும். இங்கே அது வெளியே நின்றது. அதன் ஓரத்தால் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது.

தனஞ்சயன் அந்தக் கோட்டையே பார்த்தான். அவன் முகம் மாறியது. குழாய் அறுக்கிற வாளை எடுத்து அந்த இடத்தை வெட்டினான். றபர் வளையம் வைத்த ஒரு கொலரை மாட்டி இரண்டு முனைகளையும் சேர்த்தான். திரும்பவும் பம்ப் அடித்தான். முள்ளு ஏறியது. நின்றது.

எல்லாரும் அந்த வட்டத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அது நின்றுகொண்டே இருந்தது.

*

பரிசோதகர் நிழல் சாயும் நேரத்தில் வந்தார். மெலிந்த மனிதர். குடையை விரிக்காமல் கையில் வைத்திருந்தார். முள்ளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், திரும்ப முள்ளைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு முன்னால் திறந்திருந்த பள்ளத்துக்கு வந்து குனிந்தார்.

“புதுக் குழாய். ஏன் இதில வெட்டி ஒட்டியிருக்கு?”

தெரு மூச்சை அடக்கியது. ஜெனிஸ்ரா முன்னுக்கு ஒரு அடி வைத்தாள். அவள் சொல்வதற்குள் தனஞ்சயன் சொன்னான்.

“மூட்டு கோடு வரைக்கும் போகேல்ல சேர். மேற்பார்வை என்ர. பிழையும் என்ர.”

பரிசோதகர் அவனைப் பார்த்தார். “இப்ப பிடிக்குதுதானே?”

“ஓம் சேர்.”

“அப்ப சரி. வீட்டு இணைப்பைத் தொடங்கலாம்.”

அவருடைய வாகனம் திரும்புவதற்குள் பிரான்சிஸ்கா அழத் தொடங்கிவிட்டாள். கிறேஸ் அக்கா அவளைக் கட்டிப்பிடித்தாள். பாட்டு இல்லாமலே ஊர் சத்தம் போட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் தோரணம் கட்டப் போய்விட்டார்கள். கடைசிப் பள்ளம் மட்டும் திறந்திருந்தது. தனஞ்சயன் மண்வெட்டியால் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கடலுக்கு மேல் ஆகாயம் கழுவி வைத்தது போல இருந்தது.

ஜெனிஸ்ரா வந்தாள். அவனுடைய வலது பக்கம் நின்றாள்.

“என்ர பழியை ஏன் நீங்கள் எடுத்தனீங்கள்?”

“உங்கட பழி இல்லை.”

“நான்தானே மூடினனான்.”

“மூடினதால ஒழுகேல்ல. அந்த மூட்டு பூட்டின நாளே பிழை.” மண்வெட்டியை ஊன்றினான். “ஒவ்வொரு மூட்டையும் பூட்டேக்க நான் பக்கத்தில நிண்டு கோட்டைப் பாக்கிறனான். தெரு முழுக்கப் பாத்தனான். இது ஒண்டைத் தவிர.”

“ஏன்?”

அவன் யன்னலைப் பார்த்தான்.

“நீங்கள் ஊசியில நூல் கோத்துக்கொண்டு இருந்தனீங்கள். மூண்டு தரம் தவறிப்போச்சு. நாலாம் தரம் நாக்கைக் கடிச்சுக்கொண்டு... கோத்திட்டீங்கள். நான் திரும்பிப் பாக்கேக்க அவங்கள் பூட்டி முடிச்சு அடுத்த மூட்டுக்குப் போட்டாங்கள். கோடு சரியோ எண்டு கேட்டன். சரி சேர் எண்டாங்கள். திரும்ப இறங்கிக் கோட்டைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது.”

ஜெனிஸ்ராவின் கை தானாகப் போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்தது.

“எஞ்சினியர் செய்யிற வேலையோ இது?” என்றாள்.

“இல்லை. முதல் தரம்.” அவன் சிரிக்கவில்லை. “இந்த வேலையில ஒரு இடத்தில நிண்டு பழக்கமில்லை எனக்கு. குழாய் முடிய அடுத்த ஊர். இஞ்ச மட்டும் முடியக் கூடாது எண்டு நினைச்சன். காலமை பம்ப் முள்ளு விழ விழ, தண்ணியை நினைச்சுக் கவலைப்பட்டது பாதி. மற்றப் பாதி... நீங்கள் கதவைச் சாத்தினது.”

எங்கேயோ பிள்ளைகள் நாளைய பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பாட்டையல்ல.

“அம்மா கேப்பா,” என்றாள். “சைவமெல்லோ எண்டு.”

“எங்கட அம்மாவும் கேப்பா. வேதக்காரப் பிள்ளையெல்லோ எண்டு.”

“பிறகு?”

“ரெண்டு பேருக்கும் பதில் சொல்லோணும். கெதியில முடியிற வேலை இல்லை.”

“அப்ப மறிச்சுக்கட்டி?”

“வேற ஆள் போகலாம். இஞ்ச வீட்டு இணைப்பு இருக்கு. பிறகு கழிவுத் தண்ணி வேலை இருக்கு. அதுக்குப் பிறகும் நிக்கலாம்...” மண்வெட்டியைக் கை மாற்றினான். “ஆரும் நில் எண்டு சொன்னால்.”

அவள் குனிந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளிப் பள்ளத்துக்குள் போட்டாள். திரும்பவும் அள்ளினாள். கையில் இருந்த மணல் விரல்களுக்கிடையால் வழிந்து தீரும்வரை அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். இந்தத் தரம் முறைக்க நினைக்கவே இல்லை.

“நில்லுங்கோ,” என்றாள்.